மதிப்பீடு கேட்குமுன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. வீட்டு வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை எடுத்துக் காட்டாமல் விடுவது அரிது. ஆயினும் இந்தப் பழமொழியில் ஒரு குறை உண்டு. கட்டிய வீட்டைத் திருத்திப் பார் என்று அது சொல்லவில்லை. வெற்று மனையில் புதிதாகக் கட்டுகிறவனுக்குத் தன் முன்னே இருப்பது என்னவென்று ஓரளவு தெரியும். இருக்கும் வீட்டை மாற்றி அமைக்கிறவனுக்கோ பூச்சுக்குப் பின்னே என்ன இருக்கிறது, ஓட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது வேலை தொடங்கிய பிறகுதான் தெரியும். அதுவரை அவன் அந்த வீட்டில் குடியிருந்தாக வேண்டும். அடுப்பு எரிந்தாக வேண்டும். குழந்தைகள் படித்தாக வேண்டும்.

இவ்வளவு சிக்கலான ஒரு காரியத்தை நம்மில் பலர் எப்படித் தொடங்குகிறோம்? தெருவில் போகும் மேஸ்திரியை அழைத்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் இடித்துப் பெரிதாக்க வேண்டும், என்ன ஆகும்?" என்று கேட்கிறோம். அவரும் சுவரை ஒருமுறை பார்க்கிறார். நம் முகத்தை இருமுறை பார்க்கிறார். ஒரு தொகையைச் சொல்கிறார். அந்தத் தொகை எதைக் குறிக்கிறது என்பது சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. பின்னால் வரும் மனக்கசப்பு முழுவதற்கும் அந்த ஒரு கேள்வியும் ஒரு விடையும்தான் வித்து.

ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் வீட்டார் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மாணவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். வீட்டில் பணம் செலவழிப்பவர்கள் பெரியவர்கள்தாம். ஆனால் பல இல்லங்களில் அளவு நாடாவைப் பிடித்து, பரப்பளவைக் கணக்கிட்டு, கண்டதைத் தெளிவாக எழுதி வைக்கும் ஆற்றல் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் பிள்ளையிடம்தான் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பு ஒன்று கையை விட்டுப் போகும் வேளையில் உங்கள் கணக்குப் பாடம் வீட்டுக்குப் பயன்பட வேண்டாமா?

நான் ஸ்ரீமுஷ்ணத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறேன். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு அருகே உள்ள ஊர் அது. பூவராகப் பெருமாள் கோவிலும், நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்கள் நிறைந்த புருஷசூக்த மண்டபமும் அதற்குப் புகழ் தந்தவை. இத்தகைய பழைய ஊர்களின் தெருக்களில் பல தலைமுறை வீடுகள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரும், மரச்சட்டத்தின்மேல் ஓடும் உள்ள வீடு ஒன்று. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளம் போட்ட வீடு ஒன்று. அதற்கு அடுத்தது கான்கிரீட் வீடு. உத்தரங்களின்மேல் செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பால் பிணைத்த அந்த டெரஸ் தளத்துக்கும் இன்றைய கான்கிரீட் தளத்துக்கும் குணம் வேறு, குறை வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்குச் சொன்ன விலை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

வேலையின் செலவை முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதைப் பழங்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தார்கள். கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர், எபேசஸ் என்ற கிரேக்க நகரின் பழைய சட்டம் ஒன்றைத் தம் நூலில் குறித்திருக்கிறார். பொதுக் கட்டடம் ஒன்றை ஏற்றுக்கொள்ளும் கலைஞன் அதற்கு ஆகும் செலவை முதலில் சொல்லிவிட வேண்டும். வேலை முடியும்வரை அவனுடைய சொத்து அதிகாரிகளிடம் ஈடாக இருக்கும். சொன்ன தொகைக்குள் முடித்தால் அவனுக்குப் பெருமை செய்வார்கள். கால் பங்குக்கு மேற்படாமல் செலவு கூடினால் அந்த மிகுதியைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பார்கள். கால் பங்கையும் தாண்டினால், தாண்டிய தொகையை அவன் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சட்டம் கடுமையானது என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதிலே ஒரு நியாயமும் இருக்கிறது, பாருங்கள். கால் பங்கு வரை செலவு கூடுவது இயல்பு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. எந்த மதிப்பீடும் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கூற்றே ஆதலால், சிறு பிழைக்கு இடம் விட்டாக வேண்டும்.

இதற்கு எதிரான பாடத்தை நம் காலத்துச் சிட்னி நகரம் தருகிறது. அங்குள்ள புகழ்பெற்ற இசை நாடக மாளிகைக்கு முதலில் போட்ட மதிப்பு 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். முடிவில் ஆன செலவு 10 கோடியே 20 இலட்சம் டாலர். 1963-இல் முடியும் என்று எதிர்பார்த்த வேலை 1973-இல்தான் முடிந்தது. காரணங்கள் பல, அவற்றுள் தலையானது ஒன்று. கூரையை எப்படிக் கட்டுவது என்பது முடிவாகுமுன்பே, 1959-இல், அடித்தளத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பின்னர்க் கூரை வடிவம் முடிவானபோது, அதன் பாரத்தை முன்பு கட்டிய தூண்கள் தாங்கா என்று கண்டு அவற்றை வலுப்படுத்த நேர்ந்தது. உலகம் வியக்கும் கலைஞர்களுக்கே இக்கதி என்றால், முடிவு செய்யாத சமையலறைக்கு விலை கேட்கும் நம் கதி என்னாகும்? மனத்தில் முடிவாகாத ஒன்றுக்கு விலை கேட்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

ஆகவே ஆயத்தத்தின் முதற்படி, என்ன வேண்டும் என்பதை வீட்டார் தமக்குள் முடிவு செய்துகொள்வது. "வீட்டைப் புதுப்பிக்க வேண்டும்" என்பது ஓர் ஆசை; அது தேவை ஆகாது. "மழைக்காலத்தில் கூடத்தில் ஒழுகுகிறது, அது நிற்க வேண்டும்" என்பது தேவை. "பாட்டி இரவில் கொல்லைப்புறம் போக முடியவில்லை, வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிவறையும் வேண்டும்" என்பது தேவை. குடும்பத்தில் ஒவ்வொருவரையும் கேளுங்கள். குறிப்பாகச் சமையலறையில் நிற்கிறவர்களைக் கேளுங்கள். வீட்டில் அதிக நேரம் வாழ்கிறவர்கள் அவர்களே. கேட்டவற்றை மூன்று பிரிவாக எழுதுங்கள்: கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லவை, பிறகு பார்க்கலாம் என்பவை. கையில் உள்ள பணத்தையும், கடன் வாங்குவதானால் மாதந்தோறும் தாங்கக்கூடிய தவணையையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதையே வேலைக்கான பணமாகக் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, இருக்கும் வீட்டை உள்ளபடி பார்ப்பது. வைத்தியர் மருந்து கொடுக்குமுன் நாடி பார்ப்பது போன்றது இது. சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது? விரிசல் நேராக ஓடுகிறதா, சாய்வாக ஓடுகிறதா, ஆண்டுக்கு ஆண்டு அகலுகிறதா? ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் கரையான் இருக்கிறதா? பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிச் சுவரையே கெடுக்கும். ஆதலின் சுவர் எதனால் கட்டியது என்பதை ஒப்பந்தக்காரருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். மின்கம்பிகள் எப்போது போட்டவை, தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வருகிறது, கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்பவற்றையும் ஒரு தாளில் கோடிட்டு வையுங்கள். எந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறது, எது வெறும் தடுப்புச் சுவர் என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அதற்குப் படித்த பொறியாளர் ஒருவரை ஒருமுறை அழைத்துக் காட்டிக் கட்டணம் கொடுப்பது, பின்னால் வரும் பெரும் நஷ்டத்தைத் தடுக்கும்.

கடலோர மாவட்டத்தில் வாழ்கிறவர்கள் காற்றையும் மறக்கலாகாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் சாய்த்தது, கூரைகளைப் பறித்தது. கூரையில் கை வைக்கும் எவரும், சட்டங்கள் சுவரோடு எப்படிப் பிணைக்கப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்வது நலம்.

மூன்றாம் படி, அளவு. இங்கேதான் மாணவர்களின் பங்கு தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 8 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள ஒரு குளியலறை. தரைக்கும், சுவரில் 7 அடி உயரம் வரைக்கும் ஓடு பதிக்க வேண்டும். தரையின் பரப்பு 48 சதுர அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 28 அடி. 7 அடி உயரத்துக்கு 196 சதுர அடி. கதவு 3 அடி அகலம், 7 அடி உயரம். அதற்கு 21 சதுர அடி கழித்தால் சுவரில் 175. தரையோடு கூட்டினால் 223 சதுர அடி. வெட்டும்போதும் உடையும்போதும் வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 245 சதுர அடி. கணக்கு முடிந்தது, எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடியது. இதைப் போட்டு வைத்திருக்கும் வீட்டில், 300 சதுர அடி ஓடு வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. 200 போதும் என்று சொல்லி, பாதி வேலையில் மறுபடி கடைக்கு அனுப்பவும் முடியாது.

அளவில் இன்னொரு நுட்பம் உண்டு. சுவர்ப்பூச்சை அளக்கும்போது ஜன்னலுக்கும் கதவுக்கும் கழிவு உண்டா, இல்லையா? இதனால் எழும் சண்டைகள் எண்ணற்றவை. கட்டட வேலைகளை அளக்கும் முறைக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 1200 என்ற தொகுதியை வெளியிட்டிருக்கிறது. அதன்படி, பூச்சு வேலையில் அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு திறப்புகளுக்குக் கழிவு இல்லை. அதன் ஓரங்களைப் பூசுவதற்குத் தனிக் கூலியும் இல்லை. பெரிய திறப்புகளுக்குத் தனி விதிகள் உண்டு. "அளவு ஐ.எஸ். 1200 முறைப்படி" என்று ஒரே ஒரு வரியை எழுதிவிட்டால் அந்தச் சண்டை பிறக்காது. அதுபோலவே நம் ஊர்ப் பேச்சில் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்கிறோம்; மணலையும் ஜல்லியையும் 100 கன அடி கொண்ட யூனிட்டால் அளக்கிறோம். எந்த அளவையால் விலை சொல்லப்படுகிறது என்பதைத் தாளில் குறிக்க வேண்டும்.

நான்காம் படி, பொருளின் தன்மை. "நல்ல ஓடு", "முதல்தரக் கதவு" என்று எழுதுவதில் பொருள் இல்லை. நல்லது என்பது சொல்கிறவரின் எண்ணத்தைப் பொறுத்தது. விருத்தாசலம் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் நிறுவனமும் அங்கே உண்டு. அருகேயுள்ள நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண் அத்தொழிலுக்கு உதவுகிறது. களிமண்ணோடு குவார்ட்சும் பெல்ஸ்பாரும் சேர்த்து அரைத்து, வார்த்து, உலர்த்தி, மேற்பூச்சுக் கொடுத்துச் சூளையில் சுடுகிறார்கள். சூட்டில் பெல்ஸ்பார் உருகி, மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளை அடைக்கிறது. எவ்வளவுக்கு அடைபடுகிறதோ அவ்வளவுக்கு அந்தப் பொருள் தண்ணீரை உறிஞ்சாது. நன்கு இறுகிய விட்ரிபைட் ஓடு தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சுவதில்லை. சுவருக்கென்று செய்யும் சாதாரண ஓடோ நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் உறிஞ்சக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்! சுவர் ஓட்டைத் தரையில் பதித்துவிட்டு, அது தேய்ந்தது, உடைந்தது என்று வருந்துவதில் என்ன பயன்?

சூளையின் இயல்பிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. சுடும்போது மண் சுருங்குகிறது. சூளையின் வெப்பம் சிறிது மாறினாலும் நிறமும் அளவும் சிறிது மாறும். ஆகவே ஓர் அறைக்கு வேண்டிய ஓடு முழுவதையும் ஒரே தொகுதியிலிருந்து வாங்க வேண்டும். உடைந்ததை மாற்றுவதற்குச் சிலவற்றைச் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் வகை, அளவு, கனம், சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய் வரை என்ற விலை வரம்பு ஆகியவற்றை எழுதினால், மூன்று ஒப்பந்தக்காரர்களும் ஒரே பொருளுக்கு விலை சொல்வார்கள்.

ஐந்தாம் படி, எது யாருடைய பொறுப்பு என்பது. பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தமா, கூலி ஒப்பந்தம் மட்டுமா? பழைய சுவரை இடித்த கட்டாந்தரையும் உடைந்த ஓடும் யார் செலவில் வெளியேறும்? இடித்தெடுத்த தேக்குக் கதவும் உத்தரமும் யாருக்குச் சொந்தம்? சாரம், தண்ணீர், மின்சாரம் யார் கொடுப்பது? வரி சேர்ந்த தொகையா, சேராத தொகையா? பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் எனில், வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கு நூற்றுக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு. வரி விகிதங்களும் பொருள்களின் விலையும் மாறுகிறவை. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததை நீங்கள் அறிவீர்கள். எனவே விலைப்புள்ளியில் தேதியும், எத்தனை நாள் வரை அந்த விலை செல்லும் என்பதும் இருக்க வேண்டும்.

ஆறாம் படி, அனுமதியும் காலமும். சுவருக்கு வண்ணம் தீட்டவும் ஓடு மாற்றவும் கேட்கும் விதிகள் வேறு. புதிதாக அறை எழுப்பவும் மாடி கட்டவும் கேட்கும் விதிகள் வேறு. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இவற்றை வகுக்கின்றன. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர்க்கு, தாமே உறுதியளித்து இணையவழியில் அனுமதி பெறும் முறை 2024-இல் வந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள பழஞ்சின்னங்களை அடுத்து வீடுள்ளவர்களுக்கு மேலும் கட்டுப்பாடுகள் உண்டு. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னமாயின் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பழுது பார்ப்பதற்கும் அனுமதி தேவை. கோவில் தெருக்களில் வாழ்வோர் இதை முதலில் கேட்டறிவது நலம். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதையும் மறவாதீர்கள். காலத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கூரையைத் திறக்கலாகாது. தை பிறந்தபின் தொடங்குவது நல்லது. பூவராகர் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் நாளில் வீடு நிறைய உறவினர் வருவார்கள் என்றால், அதற்குள் எந்தப் பகுதி முடிந்திருக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிவிட வேண்டியதுதான்.

இவ்வாறெல்லாம் எழுதிக் கேட்டால் மேஸ்திரிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதியவரான என் அத்தை ஒருவர் பழைய ஓட்டு வீட்டில் வாழ்கிறார். கழிவறை கொல்லைக் கோடியில். மழை இரவுகளில் அங்கே போவதற்கு அஞ்சி, மாலைக்குப் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். உடல் நலிந்த பிறகுதான் காரணம் வெளிப்பட்டது. கூடத்தை அடுத்த தானிய அறையைக் குளியலறையாக மாற்றுவது என்று முடிவாயிற்று. கல்லூரியில் படிக்கும் பேரன் இரண்டு நாள் உட்கார்ந்து அளந்து, வரைந்து, நான்கு பக்கம் எழுதினான். சக்கர நாற்காலி நுழையும்படி கதவு மூன்றடி அகலம், வாசற்படி தடுக்காத தரை, வழுக்காத ஓடு, பிடித்துக்கொள்ளச் சுவரில் உறுதியான கம்பி, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி, தளத்தில் ஒருநாள் முழுதும் தண்ணீர் தேக்கி ஒழுக்கு இல்லை என்று கண்ட பிறகே ஓடு பதிப்பது. எல்லாம் அதில் இருந்தன.

வந்த மேஸ்திரிகளில் ஒருவர் மூத்தவர். அந்தத் தாளை நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "தம்பி, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வேலை நடக்கிற இருபது நாளும் அம்மா எங்கே குளிப்பார்கள்? நாங்கள் கொல்லை வழியாகத்தான் மண்ணையும் கல்லையும் கொண்டுவர வேண்டும். அந்த வழியிலே அவர்கள் எப்படி நடப்பார்கள்?" என்று கேட்டார். பேரன் பேசவில்லை. அத்தைதான், "அதைக் கேட்க உமக்குத்தான் தோன்றியது, மேஸ்திரி" என்றார். கொல்லை வழியில் பலகை போட்டுத் தனி நடைபாதை அமைப்பது ஐந்தாம் பக்கமாகச் சேர்ந்தது. எழுதிய தாள் அவரைக் கோபப்படுத்தவில்லை. எது எழுதப்படவில்லை என்பதைக் காண்பதற்கு அது அவருக்கு உதவியது. அனுபவம் மிக்கவருடைய அறிவு நமக்கு முழுவதும் கிடைக்க வேண்டுமானால், நம் எண்ணத்தை முழுவதும் அவர்முன் வைக்க வேண்டும்.

இனி, வந்த விலைப்புள்ளிகளை ஒப்பிடுவது. கணக்குக்காக இரு தொகைகளை வைத்துக்கொள்வோம். ஒருவர் எல்லாம் சேர்த்து 4,20,000 ரூபாய் என்கிறார். மற்றவர் 3,40,000 என்கிறார். இரண்டாமவருடையது 80,000 குறைவு என்று மனம் துள்ளுகிறது. ஆனால் அவர் தாளில், வரி தனி, குழாய்ச் சாமான்கள் வீட்டார் பொறுப்பு, இடிபாடு அகற்றுவது சேராது என்று இருக்கிறது. 18 விழுக்காடு வரி 61,200, சாமான்களுக்கு 35,000, இடிபாட்டுக்கு 6,000. கூட்டினால் 4,42,200 ரூபாய். குறைவாகத் தோன்றியதே 22,200 ரூபாய் கூடுதலாக முடிகிறது. தொகையைப் பார்க்குமுன் தொகைக்குள் அடங்கியது எது என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் சேர்த்த பிறகும் ஒருவர் சொல்லும் விலை மற்ற எல்லாரையும்விட மிகவும் குறைந்திருந்தால், மகிழ்வதற்கு முன் யோசியுங்கள். கம்பிக்கும் சிமெண்டுக்கும் கடையில் ஒரே விலைதான். அப்படியானால் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது? கலவையில் சிமெண்டு குறையலாம். அல்லது சித்தாளின் கூலி குறையலாம். வெயிலில் தலைச்சுமை சுமக்கும் பெண்ணின் கூலியைப் பிடித்து நம் குளியலறை பளபளக்க வேண்டுமா? தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் அமைந்தது. தம்மிடம் வேலை செய்கிறவர்கள் அதில் பதிவு செய்திருக்கிறார்களா, அடிபட்டால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் தரும் விடை, அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லிவிடும்.

பணம் கொடுக்கும் முறையையும் முன்பே வரையறுங்கள். முன்பணம் சிறியதாக இருக்கட்டும். பிறகு கடைக்கால், சுவர், தளம், பூச்சு என்று முடிந்த வேலைக்கு ஏற்பத் தவணை கொடுங்கள். முடிந்த வேலைக்கான தவணையை ஒருநாளும் தாமதிக்காதீர்கள். அந்தப் பணத்தை நம்பிச் சனிக்கிழமை மாலையில் பல வீடுகளில் உலை வைக்கக் காத்திருப்பார்கள். நூற்றுக்கு ஐந்து பங்கை மட்டும் ஒரு மழைக்காலம் கழியும்வரை பிடித்தமாக வைத்திருக்க இருவரும் ஒப்புக்கொள்ளலாம். இடையில் எதிர்பாராத வேலை வந்தால், அதற்கு என்ன விகிதத்தில் கூலி என்பதும் தாளில் இருக்கட்டும். அத்தை வீட்டில் பழைய பூச்சை உரித்தபோது, தானிய அறைச் சுவர் அடியில் உளுத்துப் போயிருந்தது. கூடுதல் வேலைக்கு விகிதம் முன்பே எழுதியிருந்ததால், அன்று காலையில் அளந்தார்கள். மாலையில் கணக்கு எழுதிக் கையொப்பமிட்டார்கள். செலவு கூடியது உண்மை. ஆனால் ஒதுக்கி வைத்திருந்த பணம் அதைத் தாங்கியது. எவரும் எவரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல நேரவில்லை.

வாய்ச்சொல்லால் ஆன ஒப்பந்தமும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தமே. கட்டுமானப் பணியில் குறை நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடவும் வழி உண்டு. ஆனால் என்ன சொன்னோம் என்பதை மெய்ப்பிக்க எழுத்து வேண்டும். சண்டையில் வெல்வதற்காக மட்டும் நான் எழுதச் சொல்லவில்லை. சண்டை வராமலிருக்கவே எழுதச் சொல்கிறேன். மேஸ்திரியும் நாமும் ஒரே ஊரில் வாழப் போகிறவர்கள். கடைத்தெருவில் நாளையும் எதிரெதிரே வருவோம். சில நூறு ரூபாய்க்காக முகம் திருப்பிக்கொண்டு போகும் நிலையை, நான்கு பக்கத் தாள் தடுக்குமானால் அது மலிவான விலையல்லவா?

மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை எதுவும் செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டை ஒருமுறை அளந்து வரையுங்கள். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது, தண்ணீர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வீட்டில் உள்ள முதியவர் இரவில் எந்த வழியாக நடக்கிறார் என்று பாருங்கள். குடியிருக்கும் வீட்டை அறிந்துகொள்வதும் ஒரு கல்வியே. என்றேனும் ஒருநாள் உங்கள் தந்தையார் வாசலில் நின்று, "என்ன ஆகும், மேஸ்திரி?" என்று கேட்க வாயெடுக்கும்போது, அந்தக் குறிப்பேட்டை அவர் கையில் கொடுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் விடையும் தெளிவாக வரும்.